சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவள்

ஜனவரி 9

தம்பித் துரைக்கு,

படம் இன்று காலை வண்டியேறிவிட்டது. நீ சொன்னபடியே முதலில் மெல்லிய தாள், அதன்மேல் பருத்தித் துணி, அதன்மேல் அட்டை, கடைசியாக மரப்பெட்டி. பெட்டி செய்த தச்சர், "உள்ளே யாராவது படுத்திருக்காங்களா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நாம் பேசினால் மூன்றாவது நிமிஷம் யாராவது ஒருவர் பட்டென்று வைத்துவிடுகிறோம். காகிதத்தில் என்றால் நான் சொல்லி முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது.

அருங்காட்சியகத்தில் ஊரார் படங்களையெல்லாம் துடைத்துப் பளபளப்பாக்குகிறாய், அப்பா வரைந்ததைத் துடைக்கக் கொடு என்று ஆறு வருஷமாகக் கேட்டாய். நான் கொடுக்கவில்லை. காரணம் அம்மா. மதியம் சாப்பிட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தப் படத்துக்கு எதிரே உட்காருவாள். நான் யார் என்பது மறந்துவிட்டது, நீ யார் என்பது அதற்கு முன்பே மறந்துவிட்டது. படத்தில் இருப்பது தான்தான் என்பதுகூடத் தெரியாது. "அந்தப் பொண்ணு உக்காந்திருக்கா" என்பாள், நிம்மதியாகிவிடுவாள். அந்த இரண்டு மணி நேரம்தான் நான் தையல் மெஷினில் உட்கார முடிகிற நேரம். வாடிக்கைக்காரர்கள் கொடுத்த கால்சட்டைகள் மலையாகக் குவிந்திருக்கின்றன.

போன மாதம் கூரை ஒழுகிப் படத்தின் ஓரத்தில் பூஞ்சை பிடித்திராவிட்டால் இப்போதும் கொடுத்திருக்க மாட்டேன். பூஞ்சையை எடு. அழுக்கைத் துடை. உன் மேதாவித்தனத்தை அதில் காட்டாதே. ஒரு மாதத்தில் படம் வீட்டுக்கு வந்தாக வேண்டும்.

அக்கா

ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

படம் பத்திரமாக வந்தது. பூஞ்சை ஓரத்தோடு நின்றுவிட்டது, அது இரண்டு நாள் வேலை.

இப்போது என்னைத் திட்டாமல் படி. தினமும் பார்த்து வளர்ந்த படத்தை நேற்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். அம்மா வலது ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறாள். பின்னாலிருக்கும் ஜன்னலிலிருந்து வெளிச்சம் அவள் தோளைத் தாண்டி வருகிறது. பச்சை உடுப்பு, மடியில் மடித்த துணி. அவள் முன்பக்கம் குனிந்திருக்கிறாள், ஒரு கை சற்று நீண்டிருக்கிறது, உள்ளங்கை பாதி திறந்திருக்கிறது. பார்வை தரைக்குக் கொஞ்சம் மேலே. அங்கே என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. படத்தில் பாதிக்குமேல் வெறும் சாம்பல் நிறச் சுவர்.

எங்கள் தலைமை அதிகாரி இதைப் பார்த்துவிட்டு, "இந்த அம்மாவோட தனிமை மொத்தமும் அந்தச் சுவர்லதான் இருக்கு" என்று உருகினார். எனக்கு ஒப்பவில்லை. அப்பாவின் பிழைப்பே போட்டோ ஸ்டூடியோக்களுக்குத் திரைச்சீலை வரைவதுதான். ஏரி, மாடிப்படி, பூந்தொட்டி எல்லாம் வரைந்து, ஆட்கள் வந்து நிற்பதற்கு மட்டும் அளவாக இடம் விடுவார். ஆள் இல்லாத இடத்தை அவர் சும்மா விட்டதே கிடையாது.

விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பார்த்தேன். அந்தச் சாம்பல் நிறம் அப்பா கை அல்ல, அக்கா! வீட்டுக் கதவுக்கு அடிக்கிற பெயின்ட். இடமிருந்து வலமாக ஒரே இழுப்பாக, அகலத் தூரிகையால் அடித்திருக்கிறது. யாரோ கைவராத ஆள் பிற்பாடு செய்த வேலை. கீழே வேறு ஏதோ இருக்கிறது. ஒரு மூலையில் மட்டும் கரைத்துச் சோதித்துப் பார்க்கிறேன்.

தம்பி

பிப்ரவரி 1

துரை,

படம் போன நாளிலிருந்து இங்கே ஒரே அமளி. அம்மா வெறும் ஆணியைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து வந்து, "அவ எங்க போனா?" என்று கேட்கிறாள். குளிக்கப் போயிருக்கிறாள் என்றேன். "இவ்வளவு நேரமா?" என்று கேட்டாள். அந்த இடத்தில் ஒரு காலண்டரை மாட்டினேன். கழற்றி என் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

உன் கடிதத்தை அவளுக்கு உரக்கப் படித்தேன், பேச்சுத் துணைக்காகத்தான். சுவர் என்று வந்த இடத்தில் தலையை நிமிர்த்தினாள். "சுவத்தைத் தொடக் கூடாது. காஞ்சிடுச்சு" என்றாள். எந்தச் சுவர் அம்மா என்று கேட்டேன். "காஞ்சிடுச்சு. விட்டுடச் சொல்லு" என்றாள்.

இரண்டு மாதமாக அவள் வாயிலிருந்து இவ்வளவு தெளிவாக ஒரு பேச்சு வந்ததில்லை. அர்த்தம் எனக்கும் தெரியவில்லை. ஆனாலும் மனசுக்குச் சரியாகப் படவில்லை. சோதனையும் வேண்டாம், ஆராய்ச்சியும் வேண்டாம். எது இருந்ததோ அதைத் துடைத்து அனுப்பு.

அக்கா

பிப்ரவரி 16

அக்கா,

உன் கடிதம் கைக்கு வந்தபோது உள்ளங்கை அகலத்துக்குச் சுவரைத் திறந்துவிட்டிருந்தேன். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், அப்போதே நிறுத்தியிருக்கலாம். நிறுத்த மனம் வரவில்லை. போன தடவை வந்தபோது அம்மா என்னைப் பால்காரர் என்று நினைத்து, நாளைக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள். அவள் பேச்சை வைத்தா ஒரு படத்தின் தலையெழுத்தை முடிவு செய்வது என்று நினைத்தேன். எங்கள் தொழிலில் பிற்பாடு பூசியதை எடுப்பதுதான் நியாயம்.

அக்கா, அங்கே ஒரு குழந்தை இருக்கிறது!

ஒரு வயது இருக்கும். மஞ்சள் கவுன். ஒரு கால் தரையில், இன்னொன்று தூக்கியபடி. இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு, வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு அம்மாவை நோக்கி நடந்துவருகிறது. அது நீதான். வேறு யாராக இருக்க முடியும்? அப்பா உன்னைத்தான் வரைந்திருக்கிறார்.

அம்மாவின் கை ஏன் அப்படி நீண்டிருக்கிறது, பார்வை ஏன் அவ்வளவு தாழ்வாக விழுகிறது, அவள் ஏன் ஓரத்தில் ஒடுங்கியிருக்கிறாள் என்பதெல்லாம் இப்போது புரிகிறது. குழந்தை நடந்துவர இடம் விட்டிருக்கிறாள். இத்தனை வருஷமாக நாம் இதைத் துக்கமான படம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அவள் முகத்தில் ஒரு கோட்டைக்கூட நான் மாற்றவில்லை. அதே முகம்தான், இப்போது பார்த்தால் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறாள்.

சுவர் முழுவதையும் எடுத்துவிட்டேன். பஞ்சில் மருந்து தொட்டு, கொஞ்சம் கொஞ்சமாக, பதினொரு நாள். உனக்கு இதைக் காட்ட வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில்தான் செய்தேன்.

தம்பி

பிப்ரவரி 24

தம்பி,

திட்ட வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். முடியவில்லை. உன் கடிதத்தை மெஷின்மேல் வைத்துக்கொண்டு அழுதேன். வாடிக்கைக்காரர் ஒருவருடைய கோட்டுக்குக் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன், பிரித்துத் தைக்க வேண்டும்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அம்மா எனக்கு எந்தக் குறையும் வைத்ததில்லை. குளிப்பாட்டினாள், தலை வாரினாள், காய்ச்சல் என்றால் பக்கத்திலேயே கிடந்தாள். ஆனால் கையை நீட்டி "வா" என்று அவள் என்னைக் கூப்பிட்ட ஞாபகம் ஒன்றுகூட இல்லை. நான் ஓடிப்போய் மேலே விழுந்தால் பதறிப்போய் இறக்கிவிடுவாள். உன்னைக்கூட மடியில் வைத்துக்கொண்டாள். என்னிடம் மட்டும் என்னவோ ஒரு பயம். நாற்பத்தேழு வயதில் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு இது ஆறவே இல்லை. இப்போது அவளைக் குளிப்பாட்டும்போதுகூடச் சில நாள் அது குறுக்கே வந்து நிற்கிறது.

ஒரு காலத்தில் கையை நீட்டியிருக்கிறாள் என்றால் எனக்கு அது போதும். அப்புறம் என்ன ஆனது, ஏன் மூடினார்கள் என்பதெல்லாம் எப்படியோ போகட்டும்.

சீக்கிரம் அனுப்பு. என் மூக்கு அப்போதே இப்படித்தானா?

அக்கா

மார்ச் 15

தம்பி,

படம் செவ்வாய்க்கிழமை வந்தது. இதை எழுத ஐந்து நாள் ஆனது.

பழைய ஆணியிலேயே மாட்டி, அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். பெரிய பரிசு கொடுக்கப் போகிறவள் மாதிரி எனக்கு ஒரே படபடப்பு. அவள் நின்று பார்த்தாள். கிட்டே போனாள். பிறகு முழங்காலை மடித்து, முன்னால் குனிந்து, கையை நீட்டினாள். படத்தில் இருக்கிற அதே மாதிரி, உள்ளங்கை பாதி திறந்து.

"வா. வாடி கண்ணு. விழுந்துடாத, மெதுவா வா" என்றாள்.

நான் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு நின்றேன் தம்பி, ஒரு நிமிஷம் இருக்கும். பிறகு திரும்பி என்னைக் கேட்டாள்: "இவளுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சா?"

அப்போதுதான் கீழ் மூலையில், இத்தனை நாள் பெயின்ட் மூடியிருந்த இடத்தில், அப்பாவின் கையெழுத்தைப் பார்த்தேன். அதன் அடியில் வருஷம் இருக்கிறது. நான் பிறப்பதற்கு மூன்று வருஷம் முன்பு. நீ பார்க்கவில்லையா?

அப்பா போன பிறகு கேட்க மிச்சமிருப்பது சித்திதான், அவளுக்குப் போன் செய்தேன். முதலில் ஒன்றும் தெரியாது என்றாள். நான் விடவில்லை. அழுதுகொண்டே சொன்னாள். "உனக்கு முன்னாடி ஒரு பொண்ணு இருந்தா. பதிமூணு மாசம். மூணு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். உங்கப்பா அதுக்கு முந்தின வாரம்தான் படத்தை முடிச்சிருந்தாரு. படத்தை எரிக்கவும் விடல அவ, பாக்கவும் முடியல அவளால. குழந்தைய மட்டும் அழிச்சுடுங்கன்னு அவர்கிட்ட கேட்டா. என் கையால முடியாதுன்னுட்டாரு. அவரு வெளியே போன சமயம் பாத்து, கதவுக்கு வாங்கி வெச்சிருந்த பெயின்ட்டை அவளே எடுத்தா. கால்லேர்ந்து ஆரம்பிச்சா. மூஞ்சிய கடைசியா அடிச்சா. உங்க ரெண்டு பேருக்கும் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டா."

நீ கைவராத ஆள் என்று எழுதினாயே, அது அம்மா.

படத்தில் இருப்பது நான் இல்லை. மூக்குகூட என்னுடையது இல்லை.

அக்கா

மார்ச் 23

அக்கா,

வருஷத்தைப் பார்த்தேன். சுவரைத் திறந்த ஆறாவது நாளே பார்த்தேன். அப்பா தப்பாகப் போட்டிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வருஷத்தை நம்பித்தான் எத்தனையோ படங்களுக்கு நான் சான்றிதழ் எழுதியிருக்கிறேன். என் வீட்டுப் படத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டேன். உனக்கு ஒரு நல்ல செய்தி எழுத வேண்டும் என்று ஆசையாக இருந்தது. ஆறு வருஷமாக அம்மாவை உன் தலையில் கட்டிவிட்டு இங்கே இருக்கிறேன், நான் கொடுத்தது என்று ஒன்றாவது இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அம்மா தொடாதே என்று சொன்னாள். அதை நீ எனக்கு எழுதவும் செய்தாய். எனக்கு இதிலிருந்து தப்பிக்க வழியே இல்லை.

இப்போதைக்குப் படத்தைக் கழற்றி உள்ளே வை. நான் புறப்பட்டு வரட்டுமா? ஒரு வரி எழுது.

தம்பி

ஏப்ரல் 2

தம்பி,

கழற்றினேன். நான் அடுப்படியில் இருந்த பத்து நிமிஷத்தில் அம்மா வீட்டுச் செருப்போடு தெருவுக்குப் போய்விட்டாள். பஸ் நிறுத்தத்தில் நின்று, மஞ்சள் கவுன் போட்ட குழந்தை இந்தப் பக்கம் வந்ததா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டிருக்கிறாள். மருந்துக்கடைக்காரர்தான் அழைத்துவந்தார்.

மறுபடி மாட்டி, சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். அவளே திருப்பிவிட்டாள். குழந்தை தூங்குகிறது என்று பொய் சொன்னேன். சரி என்றாள், அப்புறம் மெஷின் சத்தம் கேட்டால் ஓடிவந்து என் கையைப் பிடிக்கிறாள், எழுந்துவிடுமாம். நாங்கள் இருவரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டு, அது எழுந்திருக்கட்டும் என்று காத்திருக்கிறோம்.

பொய் சொல்லிச் சொல்லி எனக்கே தாங்கவில்லை. ஒரு நாள் உண்மையைச் சொன்னேன். தரையில் விழுந்து அழுதாள். அந்த மாதிரி அழுகையை நான் கேட்டதே இல்லை. கொஞ்ச நேரத்தில் மறந்துபோனது. எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "காய்ச்சல் விட்டுடுச்சா?" என்றாள். வீம்புக்கு மறுபடி சொன்னேன். மறுபடி விழுந்தாள். அன்றைக்கு நான்கு முறை சொன்னேன் தம்பி. ஒரே நாளில் அந்தக் குழந்தையை நான்கு முறை சாகடித்தேன். நான்காவது முறை எனக்குக் கோபம் இருந்தது. யார்மேல் என்று கேட்காதே.

நீ வர வேண்டாம். உன்னையும் குழந்தை எங்கே என்று கேட்பாள், நீயும் ஏதாவது சொல்வாய். உன்னால் ஆகக்கூடியது ஒன்றுதான். படத்தைத் திரும்ப அனுப்புகிறேன், பழையபடி சுவரை அடித்துக் கொடு. நீ திறந்தாய், நீயே மூடு.

அக்கா

ஏப்ரல் 11

அக்கா,

படத்தை அனுப்ப வேண்டாம். என்னால் முடியாது.

தொழில் தர்மம் அது இது என்று சொல்லவில்லை. அதையெல்லாம் எப்போதோ தூக்கி எறிந்துவிட்டேன். நான் எடுத்து வைத்திருந்த புகைப்படத்தைப் படத்தின் அளவுக்கே பெரிதாக அச்சிட்டு, அதன்மேல் அடித்துப் பழகிப் பார்த்தேன். கணுக்கால் வரைக்கும்தான் கை போனது. தூக்கிய அந்தச் சின்னக் காலுக்கு மேலே தூரிகையைக் கொண்டுபோக முடியவில்லை. பதினொரு நாள் அந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தவன் நான். அப்பாவும் இதைத்தான் சொன்னாராம், அது தெரிந்த பிறகும் என்னால் இதைத்தான் சொல்ல முடிகிறது.

அதே சாம்பல் நிறத்தைக் கலந்து ஒரு டின்னில் அனுப்பியிருக்கிறேன். அகலத் தூரிகையும் இருக்கிறது. தண்ணீரில் கரைகிற வகை, என்றைக்காவது வேண்டுமென்றால் எடுத்துவிடலாம். படத்துக்குக் கெடுதல் வராது. உனக்கு அந்தக் குழந்தையோடு அவ்வளவு பழக்கம் இல்லை, அதனால் உன்னால் முடியலாம் என்று நினைக்கிறேன். கோழைத்தனம்தான். ஒத்துக்கொள்கிறேன்.

தம்பி

ஏப்ரல் 29

தம்பி,

டின் வந்தது. ஒரு வாரம் திறக்காமல் வைத்திருந்தேன். பழக்கம் இல்லை என்று எழுதியிருந்தாய். ஒன்றரை மாதமாக அது என்னோடுதான் இருக்கிறது. நான் நடந்து பழகிய காலத்தில் அம்மா யாரைப் பார்த்துப் பயந்தாள் என்று அந்த முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

போன வியாழக்கிழமை, அம்மா மதியம் தூங்கும்போது படத்தைக் கீழே இறக்கிச் சாய்த்து வைத்து டின்னைத் திறந்தேன். தூரிகையைத் தோய்த்து எடுத்தேன், வைக்க வரவில்லை. பெயின்ட் என் பாதத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ, பின்னால் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"இப்படிப் பிடிச்சா திட்டுத்திட்டா வரும். கொண்டா" என்றாள்.

கொடுத்துவிட்டேன். தலை மறந்தாலும் கைக்கு ஞாபகம் இருக்கும் என்று நினைத்தேன். முன்பு செய்தது போலவே அவளே மூடிவிட்டால், அவளே மூடியதாக ஆகிவிடும், பழையபடி நிம்மதியாகிவிடுவாள் என்று நினைத்தேன். பக்கத்தில் நின்று பார்க்கத் தைரியம் இல்லாமல் முன்னறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். அது நான் செய்த தப்பு. உன்மேல் போட முடியாது.

அரை மணி நேரம் கழித்து வந்தேன். குழந்தைமேல் ஒரு சொட்டுக்கூடப் படவில்லை. படத்தில் இருந்த தன்னைத்தான் பெயின்ட் அடித்து மூடியிருந்தாள். பச்சை உடுப்பு, மடியில் இருந்த துணி, நீட்டிய கை, ஜன்னல், எல்லாவற்றையும். இடமிருந்து வலமாக, ஒரே இழுப்பாக, சுத்தமாக. முகத்தைக் கடைசியாகத்தான் அடித்திருக்க வேண்டும். அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் இன்னும் ஈரமாக வழிந்துகொண்டிருந்தது.

"ஏம்மா?" என்று கேட்டேன்.

"அவ பாத்துக்கல" என்றாள். "பக்கத்துலதான் உக்காந்திருந்தா. பாத்துக்கவே இல்ல."

தூரிகையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள், கையைத் துடைத்தாள், போய்ப் படுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் எதையும் கேட்பதில்லை. காய்ச்சலைப் பற்றியும் கேட்பதில்லை, படத்தின் எதிரே வந்து உட்காருவதும் இல்லை. ஊட்டினால் வாயில் வைத்துக்கொண்டிருக்கிறாள், விழுங்க மறந்துபோகிறாள். அம்மா என்று கூப்பிட்டால் திரும்புவதில்லை. நேற்று வந்த டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "காது நல்லாத்தான் கேக்குது. கூப்பிடறது தன்னைத்தான்னு தெரியல, அவ்வளவுதான்" என்றார்.

தண்ணீரில் கரைந்துவிடும் என்று எழுதியிருந்தாய். பஞ்சை எடுத்துக்கொண்டு கிளம்பி வராதே. கீழே அம்மா பத்திரமாக இருக்கிறாள் என்று எனக்கும் தெரியும். யாருக்குத் திறந்து காட்டப் போகிறோம்? என்னால் அவளை அங்கேயும் பார்த்துக்கொண்டு இங்கேயும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

இப்போது மெஷினில் உட்கார எனக்கு எல்லா நேரமும் இருக்கிறது. உட்காருவதில்லை. மதியமானால் அம்மாவின் நாற்காலியில் நான் உட்கார்ந்து படத்தைப் பார்க்கிறேன். குழந்தை ஒரு காலைத் தூக்கியபடி, இரண்டு கைகளையும் நீட்டிச் சிரித்துக்கொண்டு வருகிறது. பிடிக்க அங்கே ஆள் இல்லை.

அக்கா